சோத்தாங்கை, பீச்சாங்கை

வேங்கடேசன் சாரை ஒரு நாள் பழிவாங்கியே தீருவேன் என்று அன்புச்செல்வி மனதுக்குள் சத்தியம் செய்தபோது அவளுக்கு எட்டு வயது. அந்த நாள் வாய்த்தபோது முப்பத்தேழு. நடுவே இருபத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. ஓடட்டும். ஆக்கப் பொறுத்தவள் ஆறப் பொறுக்க மாட்டாளா?

அந்தக் காலத்தில் வேங்கடேசன் தலைமையாசிரியர் இல்லை. மண்டகப்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் மூன்றாம் வகுப்பு வாத்தியார். பாடம் நன்றாகத்தான் நடத்துவார், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் இன்ஸ்பெக்‌ஷன் என்றால் மனிதருக்கு அப்படி ஒரு பயம். அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். அதிகாரி முன்னால் கேள்வி கேட்டால் வகுப்பு மொத்தமும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் சோத்தாங்கை. தெரியாதவர்கள் பீச்சாங்கை. நாற்பது கைகள் ஒரேயடியாக எழும்புவதைப் பார்த்து அதிகாரி பூரித்துப் போவார். வாத்தியார் வலது கை ஒன்றாகப் பார்த்து எழுப்பிவிடுவார்.

இது வேங்கடேசன் கண்டுபிடித்த தந்திரம் அல்ல. வாத்தியார்கள் தலைமுறை தலைமுறையாக ஒருவர் காதில் ஒருவர் ஓதி வந்ததுதான். அவர் செய்த திருத்தம் ஒன்றே ஒன்று. எந்தக் கை என்பதைப் பிள்ளைகளிடம் விட்டால் குழம்பிவிடுவார்கள் என்று ஜூன் மாதமே அவரே முடிவு செய்துவிடுவார். பள்ளி திறந்த முதல் வாரம் ஒவ்வொருவரையும் ஒரே ஒரு தடவை வாசிக்கச் சொல்வார். வாசித்தால் வருஷம் முழுக்க வலது. திணறினால் வருஷம் முழுக்க இடது. காலனிப் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்த வாரம் அப்பா அம்மாவோடு செங்கல் சூளையில் இருப்பார்கள். வராதவர்களும் இடதுதான்.

அன்புச்செல்வி சூளையிலிருந்து வந்தவள், ஆகையால் இடது. ஆடி முடிவதற்குள் அவள் நன்றாக வாசிக்கக் கற்றுக்கொண்டாள், பதினாறு வாய்ப்பாடும் பாடம். யாரும் கேட்கவில்லை. தை மாதம் அதிகாரி வந்தார். ஏழு எட்டு எவ்வளவு என்று கேள்வி. சொல்லிவிடும் ஆசையில் அவள் சோத்தாங்கையைத் தூக்கிவிட்டாள். அதிகாரியே அவளைக் கைகாட்ட, "அம்பத்தாறு" என்று கத்தினாள். அதிகாரி கைதட்டினார்.

அவர் ஜீப் தெருவைத் தாண்டியதும் வேங்கடேசன் அவளைக் கூப்பிட்டு, எந்தக் கையைத் தூக்கினாளோ அந்தக் கையை நீட்டச் சொன்னார். மர ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்து உள்ளங்கையில் பன்னிரண்டு அடி. "தப்பா சொல்லியிருந்தா எம் மானம் என்னா ஆவறது? சொன்ன கையத் தூக்க மாட்டியா?" என்றார்.

மறுநாள் அப்பா சவுரிராயன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நியாயம் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று அவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் படிக்குக் கீழேயே நின்று, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "பாப்பா தெரியாம பண்ணிடுச்சிங்க சார். மனசுல வெச்சிக்காதீங்க" என்றார். உள்ளங்கை ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. இது ஆறவில்லை.

வளர்ந்து அவளும் ஆசிரியையானாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கலந்தாய்வில் இடமாறுதல் வாங்கி, திண்டிவனம் மரக்காணம் சாலையில் பஸ்ஸை விட்டிறங்கி ஒரு கிலோமீட்டர் நடந்து இந்தப் பள்ளிக்கு வந்தாள். ஜன்னலில் பெருமுக்கல் மலை தெரிகிற, இரண்டே ஆசிரியர்கள் உள்ள தொடக்கப்பள்ளி. தலைமையாசிரியர் நாற்காலியில், தலை நரைத்து, சர்க்கரை நோயில் இளைத்து, அதே வேங்கடேசன். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது.

"எந்த ஊரும்மா உனுக்கு?" என்று கேட்டார். சொன்னாள்.

"அட, அங்க நான் ஆறு வருஷம் குப்ப கொட்டினேனே. எந்தத் தெரு?"

அதையும் சொன்னாள். அவர் முகத்தில் ஒரு நெளிவும் இல்லை.

"அந்தத் தெருவுல எங்க படிச்சிதுங்கம்மா பசங்க. நீ எப்பிடியோ தேறி வந்துட்ட. சந்தோஷம்" என்றார்.

அவருக்கு அவளை நினைவே இல்லை. அடித்ததைவிட இதுதான் அவளுக்கு அதிகமாக எரிந்தது. அன்று ராத்திரி கணவன் மணிமாறன், "ஒத்து வரலன்னா அடுத்த கவுன்சிலிங்ல விழுப்புரம் பக்கமா கேளேன்" என்றான். "ஒத்துத்தான் வருது" என்றாள் அவள்.

ஆனால் பழிவாங்குவதற்கும் நேரம் வேண்டுமே. ஆசிரியர் வேலையில் பாடம் நடத்துவதற்கே நேரம் கிடையாது. அவள் கையில் ஒன்று, இரண்டு, மூன்று என மூன்று வகுப்புகள், ஒரே அறையில் இருபத்தாறு பிள்ளைகள். காலையில் போனதும் பிள்ளைகள் சிற்றுண்டி சாப்பிடுவதைப் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். பிறகு வருகைப்பதிவு, அதுவும் போனில். சிக்னல் வகுப்பறையில் வராது, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி அருகில்தான் வரும். பிறகு பூச்சி மாத்திரை எத்தனை பேர் விழுங்கினார்கள், கை கழுவினார்களா, ஆதார் சேர்ந்ததா, செருப்பு அளவு என்ன. பிள்ளைகள் அரும்பா, மொட்டா, மலரா என்று நிலை வாரியாகப் பதிய வேண்டும். பெரிய சார் வேங்கடேசனுக்குத் தொடுதிரை என்றால் சுடுகல் மாதிரி. "நீயே பாத்துக்கம்மா, எனுக்கு இதெல்லாம் பேஜாரு" என்று தன் கடவுச்சொல்லையும் அவளிடமே கொடுத்துவிட்டார். "எல்லாத்தியும் மலர்னு போட்டுடு" என்று உத்தரவும் சேர்த்து. பூக்காத செடிக்கு அவள் தினம் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

தீபாவளி முடிந்து பள்ளி திறந்த வாரம். சர்வர் சுற்றிக்கொண்டே இருந்ததில் மொட்டை மாடியில் முக்கால் மணி நேரம் நின்று வெயிலில் தலை கிறுகிறுத்து இறங்கி வந்தாள். வகுப்பு இரைச்சலாக இருக்கும் என்று பிரம்பைத் தேடிக்கொண்டே வந்தவள், சத்தமே இல்லாததால் வாசலில் நின்றுவிட்டாள். மூன்றாம் வகுப்பு பெனிட்டா ஒன்றாம் வகுப்புக் குட்டிகளைச் சுற்றி உட்காரவைத்து நான்காம் வகுப்புப் புத்தகத்திலிருந்து கதை வாசித்துக்கொண்டிருந்தாள். தட்டுத் தடங்கல் இல்லை. நரி பேசுகிற இடத்தில் நரியாகவே பேசினாள்.

பெனிட்டா, லாரியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றும் பிரான்சிஸின் மகள். ஜூனில் பெரிய சார் வாசிக்கச் சொன்னபோது பயத்தில் வாய் திறக்கவில்லை. ஆகையால் இடது. ஆமாம், அந்தக் கை வழக்கம் இங்கேயும் நடந்துகொண்டுதான் இருந்தது.

அன்றைக்கே பெரிய சாரிடம் போய், "பெனிட்டா நல்லா வாசிக்குது சார், வலது பக்கம் மாத்திடலாம்" என்று சொல்லியிருக்கலாம். அவரும் மாட்டேன் என்றிருக்க மாட்டார். அன்புச்செல்வி வாசலில் நின்றபடி ஒரு நிமிஷம் யோசித்தாள். அந்த ஒரு நிமிஷத்தில் அவளுக்கு வந்த எண்ணம் நல்ல எண்ணம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

விஷயம் இதுதான். மாவட்டத்தின் சிறந்த தொடக்கப்பள்ளிக்கான கேடயத்துக்கு இந்தப் பள்ளியின் பெயர் போயிருந்தது. மாசியில் விழுப்புரத்திலிருந்து குழு வரும். மே மாதம் பெரிய சாருக்கு ஓய்வு. அதற்குத் திண்டிவனத்தில் மண்டபம் பிடித்தாகிவிட்டது, சுவரொட்டிக்காரனிடம் கேடயம் வைக்க ஒரு ஓரத்தைக் காலியாக விடச் சொல்லியும் ஆகிவிட்டது. முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்துக்கு அந்த மனிதர் கேட்டது அந்த ஒரு கேடயம்தான். அதைப் பிடுங்க வேண்டும். அவர் தந்திரத்தாலேயே பிடுங்க வேண்டும். இடது கைப் பிள்ளை எழுந்து சரியான பதிலைச் சொன்னால், 'பிறகு ஏன் இந்தக் கை?' என்று எந்த அதிகாரிக்கும் கேட்கத் தோன்றும். பெனிட்டாவின் கையை இப்போதே மாற்றிவிட்டால் பெருமை அவருக்குத்தான் போய்ச் சேரும். ஆகையால் மாற்றக் கூடாது.

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இடது கைப் பிள்ளைகள் ஐந்து பேரை வேப்பமரத்தடியில் உட்காரவைத்தாள். பெனிட்டா, சித்தார்த்தன், இன்னும் மூன்று பேர். வாசிப்பு, கழித்தல், வாய்ப்பாடு. அவ்வளவு கருத்தாக அவள் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆசையில் சொல்லிக்கொடுத்தால்கூட ஒரு நாள் அலுக்கும். ஆத்திரத்துக்கு அலுப்பே கிடையாது. பொங்கலுக்குள் ஐந்து பேரும் செய்தித்தாள் வாசித்தார்கள். போனில் அவர்கள் பெயருக்கு எதிரே மலர் என்று தொட்டபோது முதல் தடவையாக அது பொய்யில்லாமல் இருந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் ஒத்திகை. ஐந்து வகுப்பையும் பெரிய அறையில் உட்காரவைத்துப் பெரிய சார் கேள்வி கேட்பார், கைகள் எழும்பும், அவர் வலதுகளை எழுப்புவார். பின்னால் சுவரோரம் நின்று அன்புச்செல்வி பார்த்துக்கொண்டிருப்பாள். தை கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பெனிட்டாவின் வலது கை மடியிலிருந்து மெல்ல மேலே கிளம்பியது. பாதியில் நின்று, திரும்பி டீச்சரைப் பார்த்தாள். கேட்கிற பார்வை. அன்புச்செல்வி கண்ணாலேயே வேண்டாம் என்றாள். வலது இறங்கியது, இடது ஏறியது. இன்னும் மூன்று வாரம்தான் என்று டீச்சர் தன்னைச் சமாதானம் செய்துகொண்டாள்.

குழு ஒரு புதன்கிழமை வந்தது. அதிகாரி கிருஷ்ணவேணியும், கூட இரண்டு பேரும். பெரிய சார் தன் நிலத்து இளநீர் வெட்டிவைத்திருந்தார். புதுச் சட்டை. நெற்றியில் திருவக்கரைக் குங்குமம். பாடம் கன கச்சிதமாக நடந்தது. கேள்விக்குக் கேள்வி நாற்பது கைகள். கூட வந்த இருவரும் குறிப்பேட்டில் ஏதோ எழுதித் தலையாட்டிக்கொண்டார்கள்.

"ஒரு கேள்வி உங்க டீச்சர் கேக்கட்டுமே" என்றார் கிருஷ்ணவேணி.

அன்புச்செல்வி இதற்குத்தான் காத்திருந்தாள். இவர்களாகக் கேட்காவிட்டால் தானாகவே முன்னால் வந்திருப்பாள். அன்றைய செய்தித்தாளை எடுத்து, "இத யாரு வாசிக்கிறீங்க?" என்றாள். எல்லாக் கைகளும் எழுந்தன. "பெனிட்டா."

பெரிய சாரின் முகம் சுண்டிப்போனது. பதறிக்கொண்டு, "டீச்சர், டீச்சர், அந்தப் பாப்பாவுக்கு ரெண்டு நாளா ஜொரம்" என்றார். அதற்குள் பெனிட்டா எழுந்து, திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டை வரத்து கூடியதைப் பற்றி நாலு பத்தியையும் மூச்சு விடாமல் வாசித்துவிட்டு உட்கார்ந்தாள். பெரிய சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பாத்தீங்களா மேடம்? நம்ம பசங்க" என்று சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டாள் அன்புச்செல்வி.

"முந்நூத்துல நூத்தியிருபத்தெட்டு போனா மீதி எவ்வளவு? யாரு போர்டுல போடறீங்க?" மறுபடியும் எல்லாக் கைகளும். "சித்தார்த்தன்."

சித்தார்த்தன் தூக்கிய இடது கையை இறக்கிவிட்டு ஓடி வந்து, வலது கையால் சாக்பீஸை வாங்கிக் கணக்கைப் போட்டான். நூற்று எழுபத்திரண்டு. சரி. கிருஷ்ணவேணி பலகையைப் பார்க்கவில்லை, அவன் கையைப் பார்த்தார்.

"தம்பி சோத்தாங்கையாலதானே எழுதுற? அப்பறம் ஏன் அந்தக் கையத் தூக்கின?"

"அது வந்துங்க மேடம், பசங்க ஒரு ஆர்வத்துல..." என்று பெரிய சார் குறுக்கே வந்தார். கூட வந்த இருவரும் திடீரென்று கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவர்களும் ஒரு காலத்தில் வாத்தியார்கள்தானே.

கிருஷ்ணவேணி பெனிட்டாவிடம் திரும்பினார். "நீயும் அந்தக் கையத்தான் தூக்கின. ஏம்மா?"

பெனிட்டா எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டாள். "நான் தெரியாதவ மேடம்."

"அதான் நல்லா வாசிச்சியே?"

"தெரிஞ்சவங்க சோத்தாங்கை. தெரியாதவங்க பீச்சாங்கை. நான் பீச்சாங்கை மேடம். பெரிய சார் சொல்லியிருக்காரு."

வேங்கடேசனின் கழுத்துப் புதுச்சட்டைக் காலருக்குள் இறங்கிக்கொண்டே போனது. கிருஷ்ணவேணி குறிப்பேட்டை மூடினார், இளநீரைத் தொடவில்லை, வண்டியில் ஏறிவிட்டார். அன்புச்செல்விக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இருபத்தொன்பது வருஷத் தாகத்துக்கு ஒரு சொம்பு தண்ணீர். அப்பா உயிரோடு இருந்திருந்தால் இந்தக் காட்சியைப் படிக்குக் கீழே நிற்கவைத்தல்ல, நாற்காலி போட்டு உட்காரவைத்துக் காட்டியிருப்பாள்.

மாலையில் பிள்ளைகள் போன பிறகு பெரிய சார் அவள் வகுப்பறைக்கு வந்தார். சின்னப் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்.

"வேணும்னேதான் அந்தப் பாப்பாவ எழுப்புன. தெரியுது. நான் உனுக்கு என்னாம்மா பண்ணேன்?"

அவள் வலது உள்ளங்கையை நீட்டிக் காட்டினாள். அதில் தழும்பு எதுவும் இல்லைதான். ஏழு எட்டு ஐம்பத்தாறு, மர ஸ்கேல், பன்னிரண்டு அடி, படிக்குக் கீழே சவுரிராயன் என்று ஒன்று விடாமல் சொன்னாள். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். எவ்வளவு யோசித்தும் அவருக்குக் கிடைக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இருக்கும்மா. பண்ணியிருப்பேன். அந்தக் காலத்துல எல்லாரும் பண்ணதுதானே?"

"எல்லாரும் பண்ணாங்க சார். என்னிய அடிச்சது நீங்க."

அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று ஒரு கணம் எதிர்பார்த்தாள். கேட்கவில்லை. "பஸ்ஸுக்கு நாழியாவுது, ஜல்தியா கெளம்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிப் போனார். தள்ளாடித்தான் போனார். அவளுக்குப் பாவமாக இல்லை. திண்டிவனத்தில் இறங்கி அரை கிலோ இறால் வாங்கிப்போய் வறுத்து, மணிமாறன் வாயைப் பிளந்து பார்க்க, மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

கேடயம் வேறு பள்ளிக்குப் போனது. வெள்ளிக்கிழமை பெரிய சாருக்கும் அவளுக்கும் விளக்கம் கேட்டு ஓலை வந்தது. வகுப்பாசிரியர் என்ற முறையில் அவளுக்கும் தெரிந்தே நடந்திருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். எழுதியது பொய்யில்லை. கல்யாணப் பத்திரிகை வாங்குகிறவள் மாதிரிச் சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை பெரிய சார் மருத்துவ விடுப்பு. காலையில் பிள்ளைகளிடம் சொன்னாள், "இனிமே பீச்சாங்கை கெடையாது. தெரிஞ்சா கை தூக்குங்க, தெரியலன்னா கேளுங்க. அவ்ளோதான்." சொல்லிவிட்டு, எட்டை மூன்றால் பெருக்கினால் எவ்வளவு என்று கேட்டாள். தூக்கியவர்கள் எல்லாரும் சோத்தாங்கை. பெனிட்டாவுக்கு மட்டும் பீச்சாங்கை.

"பெனிட்டா, உனுக்குத்தான் தெரியும்ல கண்ணு? அந்தக் கைய எறக்கு. இந்தக் கையத் தூக்கு."

பெனிட்டா இறக்கவில்லை. "எனுக்குத் தெரியும்னு உங்களுக்கு எப்ப டீச்சர் தெரியும்?"

பொய் சொல்ல மனசு வரவில்லை. "தீபாவளி முடிஞ்சி வந்தப்பவே தெரியும்."

பெனிட்டா மற்றொரு கையின் விரலை மடக்கி மாதங்களை எண்ணினாள். நான்காவது விரலில் நின்றது.

"அப்ப அன்னிக்கு ஒத்திகைல நான் சோத்தாங்கையத் தூக்க வந்தனே. நீங்கதான டீச்சர் வேணான்னு கண்ணு காட்டுனீங்க?"

வகுப்பு மொத்தமும் டீச்சரைத் திரும்பிப் பார்த்தது. பெரிய சார் மேல் போடலாம் என்று ஒரு வார்த்தை வாய் வரை வந்தது. அந்தப் பிள்ளையின் கண்ணைப் பார்த்ததும் அது உள்ளேயே போய்விட்டது.

"ஆமா. நான்தான் காட்டுனேன்."

பெனிட்டா கையை இறக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அன்புச்செல்வி அவளைப் பார்த்துக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டாள், அதற்கடுத்ததையும் கேட்டாள். அந்தப் பெண் எந்தக் கையையும் தூக்கவில்லை.